வெள்ளைக் கட்டை

அந்தக் கல்லு வேணாம் தம்பி, அது ஆடும். இங்கிட்டு பெஞ்சுல உக்காருங்க. சைக்கிளைச் செவுத்துல சாத்துங்க, கேட்டுக் கம்பியில சாத்தாதீங்க. கேட்டுல எதையும் சாத்தக் கூடாது, அது இங்க சட்டம். என்ன, பின்சக்கரமா? முள்ளாத்தான் இருக்கும். எஸ்டேட்டு வேலிக்கு முள்ளு வெட்டுறேன்னு ரோட்டோரமா இழுத்துப் போட்டு வச்சிருக்காய்ங்க. நான் சொன்னா யாரு கேக்குறா? கழட்டி ஒட்டுங்க. வாளியில தண்ணி இருக்கு, டியூப்ப முக்கிப் பாருங்க. நான் டீ போடுறேன். கட்டன்தான், பால் கிடையாது.

யாரு, உங்க வீட்டம்மாவா? அவங்க போயிட்டாங்களே. தலையில மஞ்சக் கலர்ல ஹெல்மெட்டு கவுத்திருந்தாங்களே, அவங்கதானே? நான் அடுப்பு பத்த வச்சிட்டு இருந்தேன். "அண்ணே, அவருக்குப் பஞ்சரு, ஒட்டிட்டுப் பின்னாடி வர்றாரு, நான் மெதுவா முன்னாடி போறேன்"னு சொல்லிட்டு, குனிஞ்சு கம்பிக்கு அடியில சைக்கிளோட நுழைஞ்சிட்டாங்க. அப்ப மணி ரெண்டு அம்பத்தஞ்சு. மணியில நான் தப்ப மாட்டேன். சொல்லித்தான் விட்டேன். "பயப்படாமப் போம்மா, எதிர்ல ஒரு ஈ காக்கா வராது. பிரேக்கைப் புடிச்சுக்கிட்டே போனா கை வலி எடுத்துரும், விட்டு ஓட்டு"ன்னேன். சிரிச்சாங்க. பேரு வானதியா? நல்ல பேரு.

நாலாவது வளைவு அருவியில நிக்கிறேன்னாங்களா? நிக்கட்டும், எல்லாரும் அங்கதான் நிப்பாய்ங்க. அரை மணி பாத்துட்டு வரலைன்னா பையப் பைய இறங்கிருவாங்களா? விவரமான ஆளுதான். கீழ்கேட்டுல சந்திச்சுக்கிட்டாப் போச்சு. போனைத் தூக்கித் தூக்கிப் பாக்காதீங்க தம்பி, இங்க டவரே கிடையாது. இந்தப் பள்ளத்தாக்கு பூராவும் கிடையாது. இருக்குறது அந்தா செவுத்துல தொங்குற சுத்துற போனுதான். அது கீழ்கேட்டோட மட்டும் பேசும், வேற யாரோடயும் பேசாது. எம் பொண்டாட்டி மாதிரி. அவ எங்க மகளோட மட்டுந்தான் பேசுவா.

எந்த ஊரு? ஈரோடா. மூணு நாளா மிதிச்சே வர்றீங்களா! நல்லா இருங்க. சைக்கிள்காரங்கன்னா எனக்கு ஒரு இது. ஜீப்புக்காரன் கட்டைய வாங்குவான், போயிருவான், என் மூஞ்சிய நிமிந்து பாக்க மாட்டான். சைக்கிள்ல வர்றவங்கதான் உக்காந்து பேசுவாங்க. ஆனா அதுலயும் ஒருத்தரால இன்னைக்கு வரைக்கும் நான் பேச்சு வாங்கிக்கிட்டு இருக்கேன். பதினோரு மாசமா. நான் என்ன தப்பு பண்ணுனேன்னு நீங்களே சொல்லுங்க. வெளியூர்க்காரர், நடுநிலையாச் சொல்லுவீங்க.

மொதல்ல இந்த ரோடு என்னன்னு தெரிஞ்சுக்கிடணும். இங்கிருந்து கீழ்கேட்டு பதினோரு கிலோமீட்டர். இருபத்தி மூணு வளைவு. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒண்ணும் கிடையாது. தடுப்புச் செவுரு கட்டுறேன்னு நாலு மேனேஜர் சொல்லிட்டுப் போயிட்டாய்ங்க. ஒரு வண்டி போகலாம், ரெண்டு வண்டி ஒதுங்க முடியாது. அதனாலதான் ரெண்டு கேட்டு. ஒரு நேரம் இறக்கம், ஒரு நேரம் ஏத்தம். ரோட்டுல வண்டி இருக்கா இல்லையான்னு எப்படித் தெரியும்? அதுக்குத்தான் கட்டை.

அந்தா, ஆணியில பாருங்க. சாணு நீளக் கட்டை. சிவப்பெல்லாம் ஜீப்பு, லாரிக்கு. இறங்குற வண்டிக்கு நான் இங்க ஒரு கட்டை குடுப்பேன். அதை அவன் கீழ்கேட்டுல சின்னமாயன்கிட்ட குடுக்கணும். சின்னமாயன் எண்ணிப் பாத்துட்டு போனைச் சுத்துவான். "எத்தனை குடுத்த?"ம்பான். "அஞ்சு"ம்பேன். "அஞ்சும் வந்துருச்சு"ம்பான். அப்ப ரோடு காலின்னு அர்த்தம். "சரி, ஏத்தி விடு"ம்பேன். அவன் கேட்டைத் தூக்குவான். கீழ நிக்கிற லாரி ஏறும், கட்டைகளும் அதுலயே ஏறி எங்கிட்ட வந்துரும். வெள்ளைக்காரன் காலத்துல இருந்து இதுதான் நடைமுறை. கட்டை பொய் சொல்லாது தம்பி. மனுசன் சொல்லுவான்.

டீயைக் குடிங்க, ஆறிரும். ஒட்டுப் போட்டதைக் காய விடுங்க, ஊதாதீங்க.

அவரு பேரு நெல்சன். தூத்துக்குடி. உப்புக் கம்பெனியில கிளார்க்கு. கல்யாணம் பண்ணிக்கல. வருசா வருசம் தையில லீவு போட்டுட்டு சைக்கிளைத் தூக்கிக்கிட்டு மலையா மலையாச் சுத்துவாரு. மூணு வருசம் இங்க வந்தாரு. வர்றப்பல்லாம் எனக்கு ஒரு டப்பா மக்ரூன் கொண்டாருவாரு. இந்தா, இப்ப சீனி போட்டு வச்சிருக்கேனே, இது அவரு குடுத்த டப்பாதான். மூடியில பேரு கூட இருக்கு பாருங்க. நல்ல மனுசன். என்னைய "கேட் சார்"னு கூப்புடுவாரு. பத்தொம்பது வருசத்துல என்னைய சார்னு கூப்பிட்ட ஒரே ஆளு அவருதான். மத்தவங்களுக்கு நான் "ஏய், வீரணா"தான்.

போன தையிலயும் வந்தாரு. இதே நேரம். கடைசி ஜீப்பு போயி ஒரு பத்து நிமிசம் இருக்கும். உக்காந்தாரு, பேசுனாரு, இதே பெஞ்சுதான். முட்டி வலிக்குது, அடுத்த வருசம் வருவனோ என்னமோன்னாரு. நான்தான், "சும்மா இருங்க சார், இறக்கத்துல முட்டிக்கு என்ன வேலை? ரோடு காலி. பிரேக்கை விட்டு ஜாலியாப் போங்க"ன்னேன். கைய ஆட்டிட்டுக் கம்பிக்கு அடியில குனிஞ்சு போயிட்டாரு.

கட்டை குடுத்தியான்னு கேக்குறீங்களா? நீங்களும் அப்புறம் விசாரணை வச்ச எஸ்டேட்டு மேனேஜர் மாதிரியே கேக்குறீங்களே! கட்டை வண்டிக்குத் தம்பி. சைக்கிள் ஒரு வண்டியா? தப்பா நெனைக்காதீங்க. அது நம்ம தோள்ல தூக்கிட்டுப் போற சாமான். ஆட்டுக்குக் கட்டை குடுக்குறமா? விறகு சுமந்து போற பொம்பளைக்குக் குடுக்குறமா? அப்ப வரைக்கும் யாரும் குடுத்ததும் இல்ல, யாரும் கேட்டதும் இல்ல.

சின்னமாயன் போனைச் சுத்துனான். எத்தனைன்னான். நாலுன்னேன். நாலும் வந்துருச்சுன்னான். ஏத்தி விடுன்னேன். அவ்வளவுதான். நான் பண்ணுனது அவ்வளவுதான். இதுல எங்க தப்பு?

நெல்சன் சார் அருவியில நின்னு போட்டோ புடிச்சிருக்காரு. எல்லாரும் நிக்கிற இடந்தானே. எனக்கு அது தெரியாதா? தெரியும். ஆனா அந்த நேரத்துல அது மனசுல வரல. கட்டை நாலும் வந்துருச்சுன்னா மனசு ரோட்டையே தொடச்சு விட்டுரும். பத்தொம்பது வருசப் பழக்கம். அருவியில நின்னுட்டு, நேரமாயிருச்சேன்னு வேகமா இறங்கியிருக்காரு. டிரைவர் ஜமாலு கீழ இருந்து உர லாரிய ஏத்திக்கிட்டு இருக்கான். லாரி ஏறுறது எப்படின்னு நீங்க பாத்ததில்ல. லோடோட நடுவுல நிப்பாட்டுனா மறுபடி கிளப்ப முடியாது, பின்னால உருளும். அதனால கீழ ஒரே மூச்சுல எடுத்தான்னா மேல வந்துதான் நிப்பான். வளைவுல ரோடு பூராவும் அடைச்சுக்கிட்டுத்தான் திரும்புவான். பாறைக்கும் பள்ளத்துக்கும் நடுவுல ஒரு கை நுழைய இடம் இருக்காது. எதிர்ல யாரும் கிடையாதுன்னு கட்டை சொல்லியிருக்கே, அவன் ஏன் ஒதுங்கப் போறான்?

ஹாரனா? இந்த ரோட்டுல ஹாரன் அடிக்க மாட்டாய்ங்க. எட்டாவது வளைவுக்கிட்ட ஆனை தண்ணிக்கு வரும். ஹாரன் அடிச்சா மிரளும். அது இங்க சட்டம்.

ஏழாவது வளைவு. ஜமாலு சொன்னான், "மாமா, ஒரு சத்தம் கூட இல்ல. முன்னாடி ஒரு ஆளு இருந்துச்சு. அப்புறம் இல்ல." அவ்வளவுதான் சொன்னான். லாரியில ஒரு கீறல் கிடையாது. சைக்கிளு பாதியில ஒரு மரத்துல மாட்டியிருந்துச்சு. அவரை ரெண்டாம் நாள்தான் எடுத்தாய்ங்க. கயிறு கட்டி இறங்குனவய்ங்கள்ல நானும் ஒருத்தன். அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கல தம்பி. ஜமாலு அதுக்கப்புறம் ஸ்டியரிங்கைத் தொடல. கம்பத்துல பழக்கடை வச்சிருக்கான். நல்ல ஓட்டுநரு, நிதானமா ஏத்துவான். இப்ப இருக்குற பய புதுசு. காத்து மாதிரி வர்றான்.

என்ன தம்பி, ஏன் எந்திரிக்கிறீங்க? உக்காருங்க. கதை இன்னும் முடியல. எனக்கு நடந்த அநியாயத்துக்கே இன்னும் வரல.

மேனேஜர் விசாரணை வச்சாரு. நாலு பேரு நாற்காலியில, நான் நின்னுக்கிட்டு. "சைக்கிள் போனதைக் கீழ ஏன் சொல்லல?"ன்னாரு. "ஐயா, சின்னமாயன் கட்டை எத்தனைன்னுதான் கேட்டான். சைக்கிள் போச்சான்னு கேக்கல"ன்னேன். உண்மைதானே? உடனே எல்லாரும் மூஞ்சியச் சுளிக்கிறாய்ங்க. மூணு மாசம் என்னைய நர்சரியில செடிக்குத் தண்ணி ஊத்த விட்டாய்ங்க. கேட்டு வீரணன், கையில பூவாளியோட! ஊரே சிரிச்சுச்சு.

நெல்சன் சாரோட அக்கா ஒருத்தவங்க வந்தாங்க. இதே எடத்துல நின்னாங்க. அழுகல. "கடைசியா உங்ககிட்டதான் பேசியிருக்கான். என்ன பேசுனான்?"னு கேட்டாங்க. முட்டி வலின்னாரு, அடுத்த வருசம் வர்றது சந்தேகம்னாருன்னு சொன்னேன். நான் பிரேக்கை விட்டுப் போகச் சொன்னதை மட்டும் சொல்லல. சொல்லி என்ன ஆகப் போகுது? பாவம், அந்தம்மா ரெண்டு கையாலயும் இந்தக் கேட்டுக் கம்பியப் புடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னாங்க. கேட்டுல சாய வேணாம்னு நானும் சொல்லல.

அப்புறந்தான் புது சட்டம் போட்டாய்ங்க. சைக்கிளுக்கும் கட்டை. அந்தா, கடைசி ரெண்டு ஆணியில வெள்ளையாத் தொங்குது பாருங்க, அதுதான். நான்தான் பெயிண்டு அடிச்சேன். இன்னொண்ணும் சொன்னாய்ங்க. இனிமே வாயிக்கு வந்தபடி, ஞாபகத்துல இருந்து கணக்குச் சொல்லக் கூடாது. போனை எடுத்தா ஆணியப் பாக்கணும். எது ஆணியில இல்லையோ அதுதான் ரோட்டுல இருக்கு. ஆணியில இருந்தா ரோட்டுல இல்ல. இதை எழுதி என்கிட்ட கையெழுத்து வாங்குனாய்ங்க. வாங்கட்டும். நான் இப்ப போனை எடுத்தா ஆணியத் தவிர வேற எதையும் பாக்குறதே இல்ல. கேட்டுக்குத் திரும்பி வந்ததுல இருந்து ஒரு பிசகு கிடையாது.

வீட்டம்மாவுக்குக் குடுத்தனாவா? இல்லையே. தம்பி, கேளுங்க, பதறாதீங்க. இங்க ஒரு வழக்கம் இருக்கு. கல்யாணத்துக்கு, கோயிலுக்குன்னு ஜீப்பு கூட்டமா இறங்கும்ல, அப்ப வண்டிக்கு ஒரு கட்டை குடுக்க மாட்டோம். கடைசி வண்டிக்கு மட்டும் ஒண்ணு. கடைசி கட்டை கீழ வந்துட்டா முன்னாடி போனது பூராவும் வந்துருச்சுன்னு அர்த்தம். அந்தம்மா என்ன சொன்னாங்க? அவரு பின்னாடி வர்றாருன்னாங்க. அப்ப நீங்கதானே கடைசி? நீங்க ஏறி உக்காந்ததும் உங்க கையில ஒண்ணு குடுப்பேன். ஜோடிக்கு ஒரு கட்டை. சரியாப் போச்சா? சட்டம் தெரியாமலா இங்க உக்காந்திருக்கேன்?

நடுவுல பேசாதீங்க தம்பி, அந்த அநியாயத்தைச் சொல்லி முடிச்சிர்றேன். நர்சரியில இருந்தப்ப எம் மக வந்து கேக்குறா, "அப்பா, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தாளு பொழைச்சிருப்பாருல்ல?"ன்னு. பெத்த மக! எனக்கு அப்படியே...

இருங்க, போனு.

சொல்லு மாயா. ஆமா, வீரணன்தான். அஞ்சு. அஞ்சும் வந்துருச்சா? வெள்ளையா? இரு, ஆணியப் பாத்துட்டுத்தான் சொல்லுவேன். வெள்ளை ரெண்டும் இங்கதான் தொங்குது. ஆமா, ரெண்டும். ஏத்தி விடு. ரெண்டு லாரிதானே? விடு, விடு.

வச்சிட்டேன். இனி நீங்க இறங்க முடியாது தம்பி. ஏத்தம் திறந்தா இறக்கம் மூடல், அது சட்டம். லாரி ரெண்டும் மேல வரணும், அஞ்சு மணி ஆயிரும். அதுவரைக்கும் இன்னொரு டீ போடுவோம். ஏன் கையப் புடிக்கிறீங்க? விடுங்க, வலிக்குது. என்ன, வானதியா? அவங்களுக்கு என்ன? அவங்க அருவியில... அரை மணி பாத்துட்டு இறங்கிருவாங்கன்னீங்க. ரெண்டு அம்பத்தஞ்சுக்குப் போனாங்க. இப்ப மணி மூணு நாப்பது.

இருங்க. கத்தாதீங்க. கட்டை ரெண்டும் ஆணியில இருக்கு. பாருங்க, நீங்களே பாருங்க, ஆணியிலதான் இருக்கு. ஆணியில இருந்தா ரோட்டுல...

சுத்துறேன், சுத்துறேன், கைய எடுங்க. மாயா! ஏ மாயா! மணி அடிக்குது, எடுக்க மாட்டேங்குறான். போன் இருக்குறது உள்ள, கேட்டு அம்பது தப்படி தள்ளி. தூக்கப் போயிருப்பான். தூக்கிட்டு வந்து பீடி பத்த வைப்பான், அப்புறந்தான் உள்ள வருவான். மாயா! எடுடா! நான் சொல்லித்தான் விட்டேன் தம்பி, எதிர்ல ஒண்ணும் வராதுன்னு நான் அவங்ககிட்ட...

கேக்குதா? கீழ... அது லாரிதான். கியர் மாத்துறான். இந்தப் பள்ளத்தாக்குல சத்தம் அப்படியே மேல ஏறும். கீழ இருந்து ரெண்டாவது வளைவைத் தாண்டிட்டான்.

தம்பி! எங்க போறீங்க? காத்தே அடிக்கலையே, வெறும் சக்கரத்துல எப்படி! இறக்கம் மூடியாச்சு, போகக் கூடாது! இங்கிருந்து பேரைச் சொல்லிக் கத்துனா அங்க கேக்காது தம்பி! குனியாதீங்க, கம்பிக்கு அடியில குனியாதீங்க, நில்லுங்க!

தம்பி! கட்டை! இந்தா, கட்டைய வாங்கிட்டுப் போங்க! வாங்காமப் போனா அப்புறம் எல்லாரும் என்னையத்தான் கேப்பாய்ங்க!